இரண்டு நிற கமாண்டர் டெக் சொதப்புகிறதா? அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யும் வழி

மேற்கு மாம்பலத்தில் நண்பன் வீட்டு மொட்டைமாடி அறையில் ஞாயிற்றுக்கிழமை மதியம் நாலைந்து பேர் சேர்ந்து மேஜிக் தி கேதரிங் என்ற சீட்டு விளையாட்டு ஆடுவோம், பெரும்பாலும் கமாண்டர் வகை ஆட்டம்தான்: ஆளுக்கு நூறு கார்டு கொண்ட ஒரு கட்டு (டெக்), அதில் ஒன்று தலைமைக் கார்டு, அதுதான் கமாண்டர். ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் தோற்றவர் டெக்கைப் பாயில் பரப்பி, பத்து கார்டை உருவிவிட்டு வேறு பத்து கார்டைச் செருகுவார், அடுத்த வாரமும் அதே இடத்தில் அதே மாதிரி மாட்டுவார். நானும் ஒரு நீல-சிவப்பு டெக்கோடு ஆறேழு மாதம் இப்படித்தான் போராடினேன். கடைசியில் கமாண்டரை மாற்றினேன், பழைய கார்டுகளில் முக்கால்வாசி அப்படியே இருக்கும்போதே டெக் ஓட ஆரம்பித்தது. அதனால் சொல்கிறேன், இரண்டு நிற டெக் சரியாக வரவில்லை என்றால் முதலில் கமாண்டரைச் சந்தேகப்படுங்கள்.

ரம்மியில் ஜோக்கர் கைக்கு வந்தால்தான் உண்டு. இங்கே அப்படியில்லை. மிச்ச 99 கார்டில் சாதாரண லேண்டுகள் (கார்டை இறக்கத் தேவையான மானா என்ற சக்தியைத் தருபவை) தவிர எல்லாமே ஒவ்வொன்றுதான், எது எப்போது வரும் என்று சொல்ல முடியாது, ஆனால் கமாண்டர் மட்டும் டெக்குக்கு வெளியே தனியாகக் காத்திருக்கும், மானா சேர்ந்தால் இறக்கிவிடலாம். ஐந்து நிறங்களில் இரண்டை எடுத்துக்கொள்ளும்போது மற்ற மூன்று நிறங்கள் செய்கிற வேலைகளை விட்டுக்கொடுக்கிறோம். அந்தப் பள்ளத்தை நிரப்புவதற்கு உங்களிடம் உறுதியாக இருப்பது அந்த ஒரு கார்டுதான். நிறையப் பேர் கமாண்டரைப் படத்துக்காகவும் பெரிய எண்ணுக்காகவும் எடுக்கிறார்கள், பள்ளம் அப்படியே கிடக்கிறது.

எதையும் மாற்றுவதற்கு முன்னால் மூன்று ஆட்டம் ஆடுங்கள். ஒவ்வொன்றிலும் போனில் மூன்று விஷயம் மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்: கமாண்டர் எத்தனையாவது டர்னில் இறங்கியது, தோற்ற நேரத்தில் கையில் எத்தனை கார்டு இருந்தது, எது உங்களைக் கொன்றது. அப்புறம் கீழே உங்கள் அறிகுறியைத் தேடுங்கள்.

"கையில் கார்டு இருக்கிறது, நிறம்தான் வரமாட்டேன் என்கிறது"

என் பழைய கமாண்டர் நிவ்-மிஸெட், பரூன். 2018-ல் வந்த கார்டு. ஆறு மானா, அந்த ஆறில் மூன்று நீலம், மூன்று சிவப்பு, வேறு எதையும் வைத்து நிரப்ப முடியாது. இறங்கிவிட்டால் அற்புதம்: யார் இன்ஸ்டன்ட் அல்லது சார்சரி (ஒருமுறை வேலை செய்துவிட்டுப் போகும் மந்திரக் கார்டுகள்) போட்டாலும் எனக்கு ஒரு கார்டு, நான் கார்டு எடுக்கும் ஒவ்வொரு முறையும் யாருக்காவது ஒரு டேமேஜ். ஆனால் ஆறு லேண்டை வைத்துக்கொண்டு, நாலு மலை இரண்டு தீவு (மலை சிவப்பு மானா தரும், தீவு நீலம்) என்று மாட்டிக்கொண்டு, எட்டாவது டர்ன் வரை கமாண்டரைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்த ஆட்டங்கள் அதிகம்.

முதலில் லேண்டைச் சோதியுங்கள், ஏனென்றால் இங்கே செலவு குறைவு. 37 லேண்ட் வைத்து எல்லாமே சாதாரண லேண்ட் என்று வைத்துக்கொள்வோம், 19 தீவு 18 மலை. முதல் ஏழு கார்டில் ஒரு மலைகூட வராமல் போகும் வாய்ப்பு ஏறத்தாழ 23 சதவீதம். அதாவது நாலு ஆட்டத்துக்குக் கிட்டத்தட்ட ஒரு ஆட்டம் சிவப்பே இல்லாமல் தொடங்குவீர்கள். அதே 37-ல் இரண்டு நிறமும் தரும் லேண்ட் 12, அப்புறம் 13 தீவு 12 மலை என்று வைத்தால் சிவப்பு தருபவை 24, நீலம் தருபவை 25 ஆகிவிடும், அந்த 23 சதவீதம் ஏறத்தாழ 13 ஆகக் குறையும். கமாண்ட் டவர், எவால்விங் வைல்ட்ஸ், டெராமார்ஃபிக் எக்ஸ்பேன்ஸ், அந்தந்த நிற ஜோடியின் கில்ட்கேட், டெம்பிள் இவையெல்லாம் விலை அதிகமில்லாதவை. டேப் ஆகி வரும், அதாவது இறங்கின டர்னில் மானா தராத லேண்ட் எட்டுக்கு மேல் வேண்டாம் என்பது என் கணக்கு, அதற்கு மேல் போனால் முதல் மூன்று டர்னும் எல்லோருக்கும் பின்னால் ஓட வேண்டியிருக்கும். இதோடு ஆர்கேன் சிக்னெட், உங்கள் ஜோடிக்குரிய சிக்னெட், டாலிஸ்மன் என்று இரண்டு மானாவில் நிறம் தருகிற மூன்று கார்டு.

இதையெல்லாம் செய்தும் அறிகுறி போகவில்லை என்றால் கமாண்டரின் விலையில் எத்தனை நிறக்குறி இருக்கிறது என்று எண்ணுங்கள். ஒவ்வொரு நிறத்திலும் ஒன்று, மிச்சம் எதுவாகவும் இருக்கலாம் என்ற விலை இரண்டு நிற டெக்கில் நாலாவது டர்னில் பெரும்பாலும் இறங்கிவிடும். ஒரே நிறத்தில் மூன்று குறி கேட்டால் லேண்டுக்கே நிறையச் செலவழிக்க வேண்டும். நான் கடைசியில் நிவ்-மிஸெட்டை 99-க்குள் போட்டுவிட்டு, நாலு மானாவில் இறங்குகிற வேறொன்றைக் கமாண்டராக வைத்தேன். இப்போது நிவ்-மிஸெட் எப்போதாவது கைக்கு வரும்போது அதை இறக்கும் நிலையில் இருக்கிறேன்.

"கமாண்டர் இறங்குகிறது, ஆனால் தங்குவதில்லை"

இதுதான் எங்கள் மாடியில் அதிகம் கேட்கிற புகார், இதற்குத்தான் தவறான மருந்தும் அதிகம் கொடுக்கிறார்கள்.

கமாண்டர் செத்தால் திரும்பத் தன் இடத்துக்குப் போய்விடலாம், ஆனால் அங்கிருந்து மறுபடி இறக்க ஒவ்வொரு முறையும் இரண்டு மானா கூடுதல். நாலு மானா கமாண்டர் 4, 6, 8 என்று ஏறும். ஆறு மானா கமாண்டர் 6, 8, 10. மூன்று எதிராளிகள் இருக்கும் மேசையில் எல்லோர் கையிலும் ஏதாவது ஒரு அழிக்கும் கார்டு இருக்கும், எனவே கமாண்டர் ஒரு ஆட்டத்தில் இரண்டு முறையாவது சாகும் என்றே வைத்துக்கொண்டு தேர்வு செய்ய வேண்டும். இரண்டு மானா சிதிஸ், ஹார்வெஸ்ட்ஸ் ஹேண்ட் மூன்றாவது தடவைகூட ஆறு மானாதான்; பச்சை-வெள்ளையில் அதைக் கொல்லவே சிலர் சலித்துக்கொள்வார்கள், ஒரு நல்ல கார்டை அதன் மேல் வீணாக்க மனசு வராது.

விலையைவிட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு: இறங்கின அதே டர்னில் ஏதாவது கொடுக்கிறதா? லாத்ரில், பிளேட் ஆஃப் தி எல்வ்ஸ் எதிராளியை அடித்தால்தான் எல்ஃப் டோக்கன் (டெக்கில் இல்லாமல் களத்திலேயே உருவாகும் ஆள்) தரும், அதாவது ஒரு முழுச் சுற்று உயிரோடு காத்திருக்க வேண்டும். பிராஸ்பர், டோம்-பவுண்ட் அப்படியில்லை, இறங்கின டர்னின் முடிவிலேயே மேலேயிருந்து ஒரு கார்டை எடுத்து வைக்கும், அடுத்து அது செத்தாலும் உங்கள் அடுத்த டர்ன் முடியும்வரை அந்தக் கார்டை ஆடலாம். டாட்யோவா, பெந்திக் ட்ரூயிட் ஐந்து மானா, லேண்ட் இறங்கும்போதெல்லாம் ஒரு கார்டு தரும். இதை ஆடுகிறவர்களில் பாதிப் பேர் முதலில் லேண்டைப் போட்டுவிட்டு அப்புறம் டாட்யோவாவை இறக்குகிறார்கள். ஐந்து லேண்ட் ஏற்கெனவே இருந்தால் முதலில் அதை இறக்குங்கள், அப்புறம் ஆறாவது லேண்டைப் போடுங்கள், அந்த நிமிடமே ஒரு கார்டு கையில். யாராவது உடனே கொன்றாலும் உங்களுக்கு நஷ்டம் குறைவு.

பாதுகாப்புக்கு லைட்னிங் கிரீவ்ஸ், ஸ்விஃப்ட்ஃபுட் பூட்ஸ் இரண்டையும் கண்ணை மூடிக்கொண்டு எல்லா டெக்கிலும் போடுகிறார்கள். கிரீவ்ஸ் தரும் ஷ்ரவுடு (அந்த ஆளை யாரும் குறிவைக்க முடியாத பாதுகாப்பு) உங்களையும் தடுக்கும் என்பதை மறக்காதீர்கள். ஃபெதர், தி ரிடீம்டு வைத்திருக்கும் என் நண்பர் ஒருவர் கிரீவ்ஸ் மாட்டிவிட்டுத் தன் மந்திரத்தைத் தானே ஃபெதர் மேல் போட முடியாமல் முழித்தார், அந்தக் கமாண்டருக்கோ தன் ஆள் மேல் மந்திரம் போடுவதுதான் முழு வேலையே. அவருக்குத் தேவை பூட்ஸ் மட்டும்.

இறக்குவதற்கே நிபந்தனை கேட்கிற கமாண்டர்களும் உண்டு. ரக்டோஸ், லார்ட் ஆஃப் ரயட்ஸ் நாலு மானாவுக்கு 6/6 (அடிக்கும் பலம் 6, தாங்கும் பலம் 6), பறக்கும், பார்க்க ஆசையாக இருக்கும், ஆனால் அந்த டர்னில் எதிராளி யாராவது லைஃப் இழந்திருந்தால்தான் இறக்கவே முடியும். அதை எடுத்தால் முதல் மூன்று டர்னில் ஒரு பாயின்ட்டாவது குத்துகிற சின்னக் கார்டுகள் ஒரு டஜன் வேண்டும். அவ்வளவு இடம் ஒதுக்க மனசில்லை என்றால் அந்தக் கமாண்டர் வேண்டாம்.

"ஐந்தாவது டர்னில் கை காலி"

குறிப்பில் "தோற்கும்போது கையில் பூஜ்யம்" என்று மூன்று ஆட்டத்திலும் இருந்தால் இதுதான் நோய். வெள்ளை-சிவப்பு ஜோடிக்கு இது நெடுங்காலப் பிரச்சினை, கார்டு எடுப்பது நீலத்துக்கும் கறுப்புக்கும் இயல்பாக வருகிற மாதிரி இவற்றுக்கு வருவதில்லை. இங்கேதான் பள்ளத்தைக் கமாண்டர் நிரப்ப வேண்டும் என்று நான் சொல்வது தெளிவாகத் தெரியும்.

மேலே சொன்ன ஃபெதரையே பாருங்கள். உங்கள் கிரியேச்சரை, அதாவது களத்தில் சண்டையிடும் ஆளைக் குறிவைத்து நீங்கள் போடும் இன்ஸ்டன்ட், சார்சரி எல்லாம் அடுத்த எண்ட் ஸ்டெப்பில் கைக்குத் திரும்பி வரும். டிஃபையன்ட் ஸ்ட்ரைக் என்று ஒரு சாதாரண ஒரு மானா இன்ஸ்டன்ட், ஒரு கிரியேச்சருக்கு +1/+0 கொடுத்து ஒரு கார்டு எடுக்கச் சொல்லும். ஃபெதர் மேல் அதை உங்கள் டர்னில் போடுங்கள், டர்ன் முடிவில் திரும்பி வரும். அடுத்தவர் டர்னிலும் போடுங்கள், மறுபடி வரும். நாலு பேர் மேசையில் ஒரு சுற்றுக்கு நாலு மானா செலவில் நாலு கார்டு. சில்லறை விலைக்குக் கிடைக்கிற அந்த ஒரு கார்டு வெள்ளை-சிவப்பின் ஏழ்மையைத் தீர்த்துவிடுகிறது, தீர்த்துவைப்பது கமாண்டர். ஒப்பிட்டுப் பார்க்க வினோட்டா, ஜாய்னர் ஆஃப் ஃபோர்சஸ்: அதே நிறங்கள், மனிதரல்லாத ஆட்கள் அடிக்கும்போது டெக்கிலிருந்து மனிதர்களை நேராகக் களத்துக்கே கொண்டுவரும், கைக்கு எதுவும் வராது. ஒரே ஒரு முறை யாராவது மேசையைத் துடைத்துவிட்டால் மறுபடி எழுந்து நிற்கக் கையில் ஒன்றுமிருக்காது. வேகமாக முடிக்கத் தெரிந்தவருக்கு வினோட்டா. கை காலியாகிறது என்று புகார் சொல்பவருக்கு அது சரிவராது.

"ஒரு கார்டு மேசையில் உட்கார்ந்துகொண்டு படுத்துகிறது, அதை அகற்ற வழியே இல்லை"

எது உங்களைக் கொன்றது என்று குறித்தீர்களே, அதைப் பாருங்கள். கறுப்பு-சிவப்பு, நீல-கறுப்பு ஆடுகிறவர்கள் பெரும்பாலும் ஒரு என்சான்ட்மென்ட் (களத்திலேயே தங்கி வேலை செய்யும் மந்திரக் கார்டு) பெயரை எழுதியிருப்பார்கள். சிவப்பு ஆர்டிஃபேக்டை (கருவிக் கார்டை) உடைக்கும், கறுப்பு கிரியேச்சரைக் கொல்லும், என்சான்ட்மென்ட் என்றால் இரண்டுமே திணறும். 2020-ல் வந்த ஃபீட் தி ஸ்வார்ம் கறுப்புக்கு ஒரு வழி கொடுத்தது, அழித்த கார்டின் மானா மதிப்பு அளவுக்கு உங்கள் லைஃப் போகும், போகட்டும். சிவப்பில் கேயாஸ் வார்ப். இரண்டும் இல்லாத கறுப்பு-சிவப்பு டெக்கை நான் முழுமையான டெக் என்று ஒத்துக்கொள்ள மாட்டேன். நீல-பச்சைக்கு எதிர்ப்பக்கம், எதிராளியின் கிரியேச்சரைக் கொல்வதுதான் கஷ்டம். பீஸ்ட் வித்தின், பாங்கிஃபை இரண்டும் கொன்றுவிட்டு அவருக்கே ஒரு 3/3 கொடுக்கும், பரவாயில்லை, வாங்கிக்கொள்ளுங்கள்.

நிறமில்லாத கார்டுகள் எல்லா டெக்கிலும் நுழையும். நெவினிரல்ஸ் டிஸ்க் கிரியேச்சர், ஆர்டிஃபேக்ட், என்சான்ட்மென்ட் மூன்றையும் துடைக்கும். மீட்டியார் கோலம் ஏழு மானா, இறங்கும்போது எதிராளியின் லேண்ட் அல்லாத எதையும் ஒன்று அழிக்கும். ஏழு மானாவா என்று தயங்குவீர்கள், ஆனால் கறுப்பு-பச்சையில் மெரென் ஆஃப் கிளான் நெல் டோத் கமாண்டராக இருந்தால் அந்தக் கோலம் செத்த பிறகும் வேலை செய்யும்: உங்கள் மற்ற கிரியேச்சர்கள் சாகச் சாக அனுபவக் கவுன்டர் சேரும், ஏழு சேர்ந்துவிட்டால் கல்லறையிலிருந்து கோலம் நேராகக் களத்துக்கே திரும்பும், குறைவாக இருந்தால் கைக்காவது வரும். கமாண்டர் செத்தாலும் அந்தக் கவுன்டர்கள் உங்களிடமே இருக்கும், அது மெரெனின் பெரிய பலம்.

"எப்போதும் என்னைத்தான் முதலில் அடிக்கிறார்கள்"

கமாண்டர் முகம் ஆட்டம் தொடங்கும் முன்பே எல்லோர் கண்ணிலும் இருக்கிறது. பேர் கெட்ட கமாண்டரை மேசையில் வைத்தால், உங்கள் டெக் எவ்வளவு சாதுவாக இருந்தாலும், மூன்று பேரும் ஒரே பக்கம் திரும்புவார்கள், "மச்சி, அவனை முதல்ல முடிச்சிடலாம்" என்று உங்கள் காதுபடவே பேசிக்கொள்வார்கள். பேசிப் புரியவைக்கலாம், ஆனால் ஒவ்வொரு வாரமும் பேச வேண்டியிருக்கும். உங்கள் டெக் ஓடுகிற வேகத்துக்குப் பொருந்துகிற முகத்தை வையுங்கள். 2025-ல் விஸார்ட்ஸ் நிறுவனம் டெக்குகளை ஐந்து அடுக்காகப் பிரிக்கும் முறையைக் கொண்டுவந்தது, உட்காரும் முன் "நான் இரண்டாவது அடுக்கு" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் பாதிச் சந்தேகம் தீரும்.

"ஒருவரை வீழ்த்தினேன், மிச்ச இருவரிடம் தோற்றேன்"

ஆளுக்கு 40 லைஃப், மூன்று எதிராளி, மொத்தம் 120. ஒரே கமாண்டரிடமிருந்து 21 சண்டை டேமேஜ் வாங்கினால் ஒருவர் அவுட் என்ற குறுக்கு வழி உண்டுதான், ஆனால் அதையும் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் செய்ய வேண்டும். 7 பவர் கமாண்டர் ஆளுக்கு மூன்று அடி, மொத்தம் ஒன்பது. இருவர் ஆட்டத்தில் பழகி வந்தவர்கள் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள். கார்டில் "ஒவ்வொரு எதிராளியும்" என்ற சொல் இருக்கிறதா என்று தேடுங்கள். ஒரு கிரியேச்சர் செத்தால் பிளட் ஆர்ட்டிஸ்ட் ஒருவரைக் குறிவைத்து ஒரு லைஃப் எடுக்கும். ஜூலபோர்ட் கட்த்ரோட் அதே வேலையை மூன்று பேரிடமும் ஒரே நேரத்தில் செய்யும். வெள்ளை-கறுப்பில் டெய்ஸா கார்லோவைக் கமாண்டராக வைத்தால் அந்தச் சாவு விளைவு இரண்டு முறை நடக்கும், ஒரு டோக்கன் செத்தால் மூன்று பேருக்கும் இரண்டிரண்டு, ஆக ஆறு. 120 என்ற மலையை இப்படி ஏறினால்தான் மூச்சு வாங்காது.

"இரண்டாவது நிறம் சும்மா இருக்கிறது"

எண்ணுங்கள். லேண்டை விட்டுவிட்டு இரண்டாவது நிறத்தில் 15 கார்டுகூட இல்லை என்றால் ஒரு நிற டெக்காகவே கட்டலாம், லேண்ட் தொல்லையும் ஒழியும். கமாண்டரின் திறமைக்கு அந்த நிறம் வேண்டும் என்றால் மட்டும் வைத்திருங்கள். மூன்றாவது நிறம் சேர்த்தால் சரியாகிவிடும் என்று யாராவது சொல்வார்கள், இரண்டே சரியாக ஓடாதபோது அகலக் கால் வைக்காதீர்கள்.

"இந்தக் கார்டு உன் டெக்கில் கூடாது என்கிறார்கள்"

விலையில் உள்ள குறி மட்டுமல்ல, கார்டின் எழுத்துக்குள் இருக்கும் மானா குறியும் அதன் நிற அடையாளம். கென்ரித், தி ரிடர்ண்ட் கிங் விலை வெள்ளைதான், ஆனால் உள்ளே ஐந்து நிறமும் இருப்பதால் இரண்டு நிற டெக்கில் நுழையாது. அடைப்புக்குறிக்குள் சாய்வெழுத்தில் வரும் விளக்கக் குறிப்பு கணக்கில் வராது, அதனால் பிளைண்ட் ஒபீடியன்ஸ் மாதிரி, எக்ஸ்டார்ட் என்ற திறமையின் விளக்கக் குறிப்பில் மட்டும் கறுப்புக் குறி உள்ள வெள்ளைக் கார்டை வெள்ளை-சிவப்பில் தைரியமாகப் போடலாம்.

"ஒரு கார்டு மட்டும் வளைந்து தெரிகிறது"

ஃபாயில் கார்டு. நம்ம ஊர்க் காற்றில் இருக்கும் ஈரத்தைக் காகிதம் குடிக்கும், மேலே ஒட்டியிருக்கும் பளபளப்பான படலம் குடிக்காது, அதனால் கார்டு வளையும், அக்டோபர் மழை தொடங்கினால் இன்னும் மோசம். டெக்குக்குள் வளைந்த கார்டு இருந்தால் எது எங்கே என்று முதுகைப் பார்த்தே தெரிந்துவிடும், அது நியாயமான ஆட்டமில்லை. ஆசைப்பட்டு ஃபாயில் வாங்குவதென்றால் கமாண்டரை மட்டும் வாங்குங்கள், அது டெக்குக்கு வெளியேதான் இருக்கிறது. 2015-ல் விதி மாறியதிலிருந்து கமாண்டரை யாராவது டெக்குக்குள் திருப்பி அனுப்பினாலும் நீங்கள் அதைத் தன் இடத்துக்கே கொண்டுபோகலாம்.

"ஜெயிக்கிறேன், ஆனால் மறு ஆட்டத்துக்கு யாரும் உட்காருவதில்லை"

இதையும் நோயாகத்தான் நான் எடுத்துக்கொள்கிறேன். எங்களில் ஒருவர் தாம்பரத்திலிருந்து வருகிறார், மாம்பலத்தில் ரயில் பிடிக்க வேண்டும். நீல-பச்சை டெக் ஒன்று ஒரு டர்னுக்குப் பதினைந்து நிமிடம் எடுத்து, லேண்ட் போட்டு, கார்டு எடுத்து, மறுபடி லேண்ட் போட்டு, கடைசியில் எதுவும் முடியாமல் அடுத்தவருக்குத் தள்ளும்போது அவர் கடிகாரத்தைப் பார்ப்பதை நான் பார்த்திருக்கிறேன். டாட்யோவா மாதிரி கமாண்டர் வைத்திருப்பவர்கள் ஆட்டத்தை முடிக்கிற கார்டுகளை ஐந்தாறாவது கட்டாயம் வைக்க வேண்டும், எடுக்கிற கார்டு எல்லாம் இன்னும் கார்டு எடுக்கத்தான் என்றால் மற்ற மூன்று பேரும் வேடிக்கை பார்க்கத்தான் வந்தார்களா?

சரி, நோய் தெரிந்துவிட்டது, புதிய கமாண்டரும் மனசில் இருக்கிறது. உடனே ஆர்டர் போடாதீர்கள். இங்கே தனிக்கார்டு தேடுவது சிரமம், வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் கூரியர், சுங்கவரி எல்லாம் சேர்ந்து கார்டு விலையைத் தாண்டிவிடலாம். தெருமுனை ஜெராக்ஸ் கடையில் கமாண்டர் படத்தை ஒரிஜினல் அளவில் பிரிண்ட் எடுத்து, ஒரு பழைய லேண்டுக்கு முன்னால் ஸ்லீவுக்குள் செருகுங்கள், மேசையில் எல்லோரிடமும் முதலிலேயே சொல்லிவிடுங்கள், யாரும் ஆட்சேபிக்க மாட்டார்கள். பழைய 99-லிருந்து புதிய நிறங்களுக்குப் பொருந்தாததை மட்டும் எடுத்துவிட்டு அந்த இடத்தில் சாதாரண லேண்டும் கையிலிருக்கும் கார்டும் வைத்து மறுபடி மூன்று ஆட்டம் ஆடுங்கள், அதே மூன்று விஷயத்தைக் குறியுங்கள். கமாண்டர் இறங்கிய டர்ன் முன்னால் வந்திருக்கிறதா, கையில் கார்டு மிஞ்சியிருக்கிறதா என்று இரண்டு குறிப்பையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டில் ஒன்றாவது நகரவில்லை என்றால் அந்தக் காகிதத்தை உருவிவிட்டு அடுத்த கமாண்டரைப் பிரிண்ட் எடுங்கள்.